வாஷ்பேசினில் எறும்புகள்

பிளாஸ்டிக் பைக்குள் ஒரு ஃபிளாஸ்க். அதை அந்தப் பிளம்பர் எங்களிடம் நீட்டிய விதத்தைப் பார்த்தால், உள்ளே பாம்பு சுருண்டு கிடக்கிறதோ என்று தோன்றும்.

“இதுலதான் மேடம், அவ எதையோ கொண்டு வந்தா. நான் கையாலகூடத் தொடல. ரேகை அழிஞ்சிடக் கூடாதுன்னு பையோட தூக்கி வச்சிட்டேன்.”

மேடம் பையைப் பிரித்தார். மூடியைத் திருகினார். முகர்ந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

“ரேடியோ, ஒரு வாய் குடிச்சுப் பாரு.”

“துப்பறியத்தான் மேடம் வேலைக்குச் சேர்ந்தேன். உயிர்த்தியாகத்துக்கு வேற ஆள் பாருங்க.”

ரேடியோ என்பது நான். அணைக்க முடியாத வாய் என்பதால் மேடம் வைத்த பெயர். மேடம் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர். உடையாத காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்களை எழுந்து ஓடவைத்தே பிடித்திருக்கிறார். இப்போது சொந்தமாக ஓர் அலுவலகம். அதில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு நான்.

அன்றைக்கு என் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரிப்பு எடுபடாது என்பது ஒரு காரணம். பிளம்பரின் முகம் இன்னொரு காரணம். ஒழுங்காகத் தூங்கி எத்தனையோ நாளான முகம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, சட்டையில் கசங்கல், காலடியில் ஸ்பேனர்கள் கிடக்கும் கான்வாஸ் பை. வேலைக்குப் போன இடத்திலிருந்து நேராக இங்கே வந்து அப்படியே தங்கிவிட்டவர்.

விஷயம் இதுதான். இவரும் இவர் தம்பியும் சேர்ந்து பிளம்பிங் வேலை பார்ப்பவர்கள். தம்பிக்குச் சளி, காய்ச்சல், அது முற்றி நிமோனியா. கிருமி ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் விழுந்து, பிழைப்பதே கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மருந்து கேட்டது. காய்ச்சல் இறங்கியது. வாயிலிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டிய தனி அறைக்கு மாற்றினார்கள். நினைவு தெளியாததால் சாப்பாடு மட்டும் மூக்குக் குழாய் வழியாக.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் காய்ச்சல் திரும்பி வந்தது. ரத்த அழுத்தம் மறுபடி பாதாளத்துக்குப் போனது. ரத்தத்தைச் சோதித்தால், நிமோனியா கிருமியைக் காணோம். வேறு ஒன்று இருந்தது.

“மலத்துல இருக்கிற கிருமியாம் மேடம். அது எப்படி ரத்தத்துக்குப் போகும்? யாராவது கலந்தாத்தானே போகும்?” பிளம்பரின் குரல் உடைந்தது. “அவ இந்த ஃபிளாஸ்க்கோட உள்ள போனா. அன்னைக்கே காய்ச்சல் திரும்பிடுச்சு.”

அவ என்பது வராந்தாவின் அந்தக் கோடியில், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண். தம்பியின் மனைவி. கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள், அவன் படுத்த பிறகுதான் திரும்பி வந்தாள். அந்தச் சண்டையும் இந்த ஃபிளாஸ்க்கும் சேர்ந்து பிளம்பர் மனதில் ஒரு கொலை வழக்காகவே ஆகிவிட்டன.

“தெரிஞ்ச இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் வர்றேன்னாரு. ஃபிளாஸ்க் மட்டும் பத்தாது, உருப்படியா ஏதாவது ஆதாரம் வேணும்கிறாரு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

“சாயங்காலத்துக்குள்ள உங்களுக்கு ஒரு குற்றவாளி வேணும்.”

“எனக்கு என் தம்பி வேணும் மேடம்.”

மேடம் ஃபிளாஸ்க்கை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அறைப் பக்கம் நடந்தார்.

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோடு ஒரு வாஷ்பேசின். கட்டிலில் தம்பி கிடந்தான். வளர்ந்த ஆள்தான், ஆனால் போர்வைக்கு அடியில் பாதி ஆள்தான் இருந்தான் என்று தோன்றியது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். மூக்குக் குழாயின் மறுமுனை கம்பியில் தொங்கிய பையில் முடிந்தது. அதற்குள் பால் நிறத்தில் திரவ உணவு இருந்திருக்க வேண்டும். இப்போது காலிப் பை, ஓரத்தில் வெள்ளைக் கறை.

மேடம் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் அறையைப் பார்த்தார். ஜன்னல் கொக்கியை இழுத்தார். அது கச்சிதமாக விழுந்தது.

“இதை யார் மாத்தினது?”

“நான்தான். காத்துல ஆடிக்கிட்டே இருந்துச்சு, அவனுக்குத் தொந்தரவு. கட்டில் சக்கரமும் கிறீச்சுனுச்சு. எண்ணெய் விட்டேன். இந்தக் குழாயும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு மேடம். வாஷர் போட்டு நிறுத்திட்டேன்.” சொல்லும்போது அவர் குரலில் முதன்முதலாகக் கொஞ்சம் உயிர் வந்தது. “சொட்டுற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது.”

மேடம் குழாயைத் திறந்து கை கழுவினார். தண்ணீர் வாஷ்பேசினில் விழுந்து, இறங்க மனமில்லாமல் அப்படியே நின்றது. விளிம்போரமாக எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் குனிந்து பார்த்தேன். புளித்த வாடை.

“எறும்புக்கு இங்க என்ன வேலை?” என்றேன். “பேஷன்ட்டைப் பார்க்க வந்த சொந்தக்காரங்களா?”

“ரேடியோ, சத்தத்தைக் குறை.”

நர்ஸ் உள்ளே வந்தார். தம்பியின் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார். அவர் முகம் மாறியது. மறுபேச்சில்லாமல் ஓடிப்போய் ஊசியோடு வந்து கைக்குழாயில் குளுகோஸ் ஏற்றினார்.

“என்ன சிஸ்டர்?” என்றார் மேடம்.

“சர்க்கரை திடீர்னு இறங்கிடுது மேடம். நேத்தும் இப்படித்தான். இந்த மாதிரி கிருமிக் காய்ச்சல்ல சர்க்கரை ஏறும், அதுக்கு இன்சுலின் போடுறோம். உள்ள போற சாப்பாட்டைக் கணக்குப் பண்ணித்தான் அளவு. சாப்பாடும் முழுசா போகுது, பை காலியாத்தான் இருக்கு. அப்புறம் எப்படி இறங்குதுன்னே புரியல.”

“பாத்தீங்களா?” பிளம்பர் என் தோளைப் பிடித்தார். “நான் சொல்லல? அவ எதையோ குடுத்திருக்கா.”

மேடம் மெதுவாகத் திரும்பினார். “உங்க தம்பி மனைவி இந்த ரூமுக்குள்ள கடைசியா எப்போ வந்தாங்க?”

“காய்ச்சல் திரும்பின அன்னைக்கு. அதுக்கப்புறம் நான் வாசப்படி தாண்ட விடல. ராத்திரி பகலா நான்தான் காவல்.”

“அப்போ நேத்தும் இன்னைக்கும் சர்க்கரையை இறக்கினது யாரு?”

பிளம்பர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். காவல் இருக்கும்போதே ஒருவன் தேய்ந்துகொண்டிருக்கிறான் என்றால், அதைச் செய்யும் கை இன்னும் இந்த அறைக்குள்தான் வந்து போகிறது.

வெளியே வந்ததும் மேடத்தை ஓரமாக இழுத்தேன்.

“சிஸ்டர்தான் மேடம். சாப்பாட்டைக் குடுக்கச் சோம்பல். பேசின்ல ஊத்திட்டு, முழுசா போகுதுன்னு சொல்றாங்க. எறும்பு சாட்சி.”

“பரவால்லியே. எறும்பு வரைக்கும் வந்துட்டே.” மேடம் என்னைப் பாராட்டுவது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும், அதிலும் ஒரு ‘ஆனால்’ ஒட்டிக்கொண்டிருக்கும். “ஆனா சிஸ்டருக்கு ஊத்தணும்னா அவங்க ரூம்லயே பெரிய சிங்க் இருக்கு. இந்த மனுஷன் கண்ணெதிர்ல நின்னு எதுக்கு ஊத்தணும்? வா, டாக்டரைப் பாப்போம்.”

டாக்டரம்மாவின் அறையில் ஆறிப்போன டீயும் பிரிக்காத பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. நான் பொட்டலத்தையே பார்த்தேன். காலையிலிருந்து என் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை.

“அந்தக் கிருமியை யாரும் வெளிய இருந்து கொண்டு வர வேண்டியதில்ல,” என்றார் டாக்டரம்மா. “அவர் குடல்லயே இருக்கு. உங்க குடல்லயும் இருக்கு.”

“என்கிட்டயுமா?”

“கோடிக்கணக்குல.”

“இத்தனை பேருக்குச் சேர்த்து மேடம் எனக்கு ஒரே ஒரு பன் வாங்கித் தராங்க பாருங்க.”

டாக்டரம்மா பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார். நல்ல மனுஷி. மேடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

“குடல்ல இருக்க வேண்டியது ரத்தத்துக்கு எப்படி வந்துச்சு டாக்டர்?”

“குடலோட உள்பக்கம் மெல்லிசா ஒரு சுவர் இருக்கு. ஒரே ஒரு வரிசை செல்தான். ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா ஒட்டிக்கிட்டு நிக்கும். சத்தை உள்ள விடும், கிருமியைத் தடுத்து நிறுத்தும். நுரையீரல்ல வந்த கிருமி உடம்பு முழுக்கப் பரவி ரத்த அழுத்தம் விழுந்துச்சுன்னா, உடம்பு என்ன பண்ணும்? மூளைக்கும் இதயத்துக்கும் முதல்ல ரத்தத்தை அனுப்பும். குடலுக்குக் குறைச்சிடும். அந்தச் சுவர் வாடும். செல்லுங்களுக்கு நடுவுல இருக்கிற ஒட்டு விட்டுப் போகும். அந்த இடுக்கு வழியா உள்ள இருக்கிற கிருமியும் அதோட நச்சும் ரத்தத்துப் பக்கம் கசியும்.”

“நுரையீரல் கிருமி செத்த பிறகுமா?”

“அதுதான் கொடுமை. முதல் எதிரி போயிருப்பான். ஆனா கசிஞ்சு வந்தவனைப் பாத்து உடம்பு மறுபடியும் சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையைத்தான் அழற்சின்னு சொல்றோம். அதோட சூட்டுல குடல் சுவர் இன்னும் வாடும். இன்னும் கசியும். இன்னும் சண்டை.” டாக்டரம்மா விரலால் மேஜைமேல் ஒரு வட்டம் போட்டார். அதை முடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தார். “எல்லாருக்கும் இப்படி ஆகாது. இவருக்கு ஆகியிருக்குன்னு நினைக்கிறேன்.”

“பிளம்பர்கிட்ட இதைச் சொன்னீங்களா?”

“ரெண்டாவது காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே சொன்னேன். வயிறு உப்ப ஆரம்பிச்சப்போ. ‘குடல் சுவர் கசிய ஆரம்பிச்சிருக்குமோன்னு பயமா இருக்கு’ன்னேன். பொதுவா சொந்தக்காரங்களுக்கு நாலு தடவை சொல்லணும். இவருக்கு ஒரே தடவைல புரிஞ்சுது. நல்லா தலையாட்டினார்.”

மேடம் முன்னால் சாய்ந்தார். “அதுக்கு என்ன மருந்து குடுக்கிறீங்க?”

“கிருமிக்கு மருந்து இருக்கு, ரத்த அழுத்தத்துக்கு மருந்து இருக்கு. குடல் சுவருக்குன்னு தனியா பெருசா ஒண்ணும் இல்ல. எங்ககிட்ட இருக்கிற நல்ல மருந்து அந்த மூக்குக் குழாய்ல போற சாப்பாடுதான். ரத்த அழுத்தம் ரொம்ப விழுந்திருந்தப்போ நிறுத்தி வச்சோம். கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி ஆரம்பிச்சாச்சு. ஆனா அவர் தேறவே இல்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். “இப்படியே போனா தாங்க மாட்டார்.”

வராந்தாவின் கோடியில் அந்தப் பெண் அதே பெஞ்சின் அதே நுனியில் இருந்தாள். மீதி பெஞ்ச் முழுக்கக் காலி. யாரோ வந்து ‘எழுந்து போ’ என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவள் போல இருந்தாள்.

மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஃபிளாஸ்க்ல என்னம்மா?”

“வெந்நி. முகம் துடைச்சு விடலாம்னு. பச்சத்தண்ணி பட்டா அவருக்குப் பிடிக்காது.” அழுது முடித்த குரல். “நான் விஷம் வச்சேன்னு சொல்றாங்களாமே. இருமலோட வேலைக்குப் போகாதீங்க, டாக்டரைப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. ‘நீங்களாச்சு உங்க சளியாச்சு’ன்னு சொல்லிட்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அதைத்தான் கடைசியா அவர்கிட்ட பேசினேன்.”

எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அவளே என்னைக் கேட்டாள். “நீங்க உள்ள போயிருந்தீங்கல்ல? கால்ல சாக்ஸ் போட்டிருக்கா? அவருக்குக் கால் ஜில்லுனு ஆயிடும்.”

“போட்டிருக்கும்மா,” என்றேன். உண்மையில் நான் காலைப் பார்க்கவே இல்லை.

அவள் தலையசைத்தாள். “மாமா போட்டிருப்பாரு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. தம்பின்னா உயிர் அவருக்கு. வேலை கத்துக்குடுத்ததே அவர்தான்.” உதட்டோரம் லேசாக அசைந்தது. “வீட்ல இவரு அண்ணனை நடிச்சுக் காட்டுவாரு. கசிவுன்னு யாராவது கூப்பிட்டா, மாமா வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடியே மெயின் வால்வை மூடிடுவாராம். கேக்கிறதும் இல்ல, சொல்றதும் இல்ல. உள்ள வீட்டுக்காரர் தலைல சோப்போட கத்திக்கிட்டு நிப்பாராம்.”

மேடம் எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் பெஞ்சே ஆடியது.

“ரேடியோ, டாக்டரைக் கூப்பிடு. நீங்களும் வாங்கம்மா.”

“என்னை உள்ள விட மாட்டாங்க.”

“இன்னைக்கு விடுவாங்க.”

நாங்கள் உள்ளே போனபோது கம்பியில் புதிய பை தொங்கியது. நர்ஸ் மாட்டிவிட்டுப் போயிருந்தார். தம்பி மனைவியைப் பார்த்ததும் பிளம்பர் கட்டிலுக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். அவருக்குப் பின்னால் போர்வை விலகித் தெரிந்த கால்களில் கம்பளிச் சாக்ஸ் இருந்தது. நல்லவேளை.

“அவளை எதுக்கு மேடம் கூட்டிட்டு வர்றீங்க?”

மேடம் வாஷ்பேசின் பக்கம் போனார். “இங்க அடைச்சிருக்கு. கவனிச்சீங்களா?”

“அதுவா? கவனிக்கல.”

“ஜன்னல் கொக்கியைக் கவனிச்சீங்க. கட்டில் சக்கரத்தைக் கவனிச்சீங்க. இதே பேசின்மேல இருக்கிற குழாய்க்கு வாஷர் போட்டீங்க. அதுக்குக் கீழ தண்ணி நிக்கிறது மட்டும் உங்க கண்ணுல படல. ஒரு பிளம்பர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ரூம்ல அடைப்பு. எனக்கு அது வந்ததுல இருந்தே உறுத்துது.” மேடம் குனிந்து அவருடைய கான்வாஸ் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். “கீழ இருக்கிற அந்த வளைஞ்ச குழாயைத் திறங்க.”

பிளம்பர் அசையவில்லை.

“நான் திறந்தா தண்ணி தெறிக்கும். எனக்கு வேலை தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் தொட்டியைக் குழாய்க்கு அடியில் இழுத்து வைத்தார். வேலை தெரிந்த கை. ஒரே திருகில் மூட்டு கழன்றது. கட்டியான, தயிர் போலத் திரிந்த வெள்ளைக் கூழ் பொத்தென்று தொட்டிக்குள் விழுந்தது. புளிப்பு வாடை அறையை நிரப்பியது.

டாக்டரம்மா தொட்டியைப் பார்த்தார். கம்பியில் தொங்கிய பையைப் பார்த்தார். பையிலிருந்து இறங்கும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில், ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தில் விரல் நின்றது. இறுக்கி மூடியிருந்தது.

“யார் மூடினது?”

“நான்தான்,” என்றார் பிளம்பர், தரையிலிருந்து எழாமலே. அந்த நிமிஷம்கூட அவர் குரலில் குற்றவாளியின் பயம் இல்லை, தொழிலாளியின் பிடிவாதம்தான் இருந்தது. “சிஸ்டர்கிட்ட நிறுத்தச் சொல்லிப் பாத்தேன். டாக்டர் சொல்லாம முடியாதுன்னுட்டாங்க. அவங்களுக்குக் குழாய் வேலை தெரியாது. அதான் அவங்க போனதும் மூடிடுவேன். பையை மட்டும் ஊத்திடுவேன். நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, சுவர் கசியுதுன்னு? சுவத்துல ஈரம் வந்தா நான் என்ன பண்ணுவேன்? முதல்ல போய் வால்வை மூடுவேன். உள்ள போறதை நிறுத்தினாத்தானே கசியறது நிக்கும்? அதுக்கப்புறம்தானே மத்ததெல்லாம்?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இத்தனை நாளும் ஒரு பெண்ணை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, இந்த மனுஷன் உள்ளே உட்கார்ந்து, தம்பியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துக்கொண்டே பட்டினி போட்டிருக்கிறார்.

டாக்டரம்மா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டவில்லை.

“செங்கல் சுவரா இருந்தா நீங்க செஞ்சது சரி. இது உயிருள்ள சுவர். அது தன் சாப்பாட்டை ரத்தத்துல இருந்து மட்டும் வாங்கறதில்ல. குடலுக்குள்ள வர்றதுல இருந்து நேராவும் எடுத்துக்கும். உள்ள ஒண்ணுமே வரலன்னா மெலிஞ்சு, இடுக்கு இன்னும் பெருசாகும். கசிவை அடைக்கத்தான் அந்தச் சாப்பாடே.” அவர் தொட்டியைப் பார்த்தார். “உங்களுக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கேன். கசியுதுன்னு சொன்னேன், அதுக்கு என்ன பண்றோம்னு சொல்லல. சர்க்கரை இறங்கினப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உள்ள போகாத சாப்பாட்டுக்குக் கணக்குப் பண்ணி இன்சுலின் போட்டுக்கிட்டிருந்திருக்கோம்.”

பிளம்பருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவருடைய முகத்திலிருந்து பிடிவாதம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“அப்போ ரெண்டாவது காய்ச்சல்?” என்றார். “அது என்னாலயா?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

“உங்க தம்பிக்கு வந்த கிருமி அவ்ளோ மோசமானது. நீங்க எதையும் தொடாம இருந்திருந்தாலும் குடல் கசிஞ்சிருக்கலாம். நீங்க மூடினது அதை மோசமாக்கியிருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல என்கிட்ட எந்தச் சோதனையும் இல்ல.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் எழுந்திருப்பார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கையில் ஸ்பேனரோடு தரையிலேயே இருந்தார்.

“இப்போ என்ன பண்றது டாக்டர்?” கேட்டது தம்பி மனைவி. அவள் அதற்குள் கட்டிலின் மறுபக்கம் போயிருந்தாள். கணவனின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்திருந்தாள்.

“இன்சுலினை உடனே குறைக்கணும். ரத்தத்தை இன்னொரு தடவை சோதிக்கணும். சாப்பாட்டை ரொம்ப மெதுவா, சொட்டுச் சொட்டா ஆரம்பிக்கணும். காஞ்சு கிடந்த வயித்துல ஒரேயடியா கொட்டினா அதுவும் ஆபத்து. அப்புறம் பாக்கணும்.”

“தேறிடுவாரா?”

“நேத்து வரைக்கும் எனக்கு வழி தெரியல. இப்போ ஒரு வழி தெரியுது. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.”

தம்பி மனைவி தலையசைத்தாள். பிறகு முதன்முறையாகப் பிளம்பரைப் பார்த்தாள். “மாமா, இனிமே நான் இருக்கேன். நீங்க வெளிய உட்காருங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அவர் எழுந்தார். ஸ்பேனரைப் பைக்குள் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார். வராந்தாவின் கோடிக்குப் போய், அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில், அதே நுனியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் சொன்னபடியே இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய தொப்பை, அவசர நடை.

“எங்கய்யா அந்தப் பொம்பளை? ஆதாரம் ஏதாவது கிடைச்சுதா?”

பிளம்பர் எழுந்து நின்றார். “அவ இல்ல சார். நான்தான்.”

“எது நீதான்?”

“என் தம்பியை இப்படி ஆக்கினது.” ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “என்னைக் கூட்டிட்டுப் போங்க சார்.”

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் எதையாவது உளறி நிலைமையைச் சமாளிப்பது என் வேலை. நான் ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன்.

அறைக் கதவு பாதி திறந்தது. தம்பி மனைவி தலையை மட்டும் நீட்டினாள்.

“அவரு தூங்கி ரொம்ப நாளாச்சு சார். அதான் என்னவோ பேசுறாரு. இங்க கேஸ் ஒண்ணும் இல்ல, நீங்க போயிட்டு வாங்க.”

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கேஸ் இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும் விளங்கியது. முணுமுணுத்துக்கொண்டே போனார். தம்பி மனைவி கதவை மறுபடி சாத்திக்கொண்டாள். பிளம்பரை உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் ஃபிளாஸ்க்கை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கையில் வைத்திருந்தேன். மேடம் அதை வாங்கிக் கழுவி, கீழே கேன்டீனில் வெந்நீர் பிடித்து வந்து, கதவைத் தட்டி உள்ளே கொடுத்தார். அவர் இப்படி ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. திரும்பி வந்து, “கிளம்பலாம் ரேடியோ,” என்றார்.

பிளம்பர் இப்போது அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம். அதில் நெற்றியை ஒட்டி வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுகிற குழாயை நிறுத்துவதையே வாழ்நாள் முழுக்கத் தொழிலாகச் செய்த மனிதர். கம்பியில் தொங்கிய பைக்கு அடியில், திரவ உணவு சொட்டி இறங்கும் சின்னக் குப்பியையே வெறித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு பட்டுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கையால் துடைத்தார், மறுபடி மங்கியது.

“தம்பி,” என்று என்னைக் கூப்பிட்டார். “சொட்டுதா பாருங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

நான் கண்ணாடியில் முகத்தை வைத்தேன். உள்ளே அவள் ஈரத் துணியால் கணவனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குப்பிக்குள் ஒரு வெள்ளைச் சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. அடுத்தது திரளும் வரை காத்திருந்தேன். அதுவும் விழுந்தது.

“சொட்டுது,” என்றேன். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.